மெக் மாட் டியூப் வேப்: எதை வாங்கலாம் என்று தேடும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

பார்க்க டார்ச் லைட் போல இருக்கும் உலோகக் குழாய். உள்ளே ஒரே ஒரு பேட்டரி, கீழே ஒரு பட்டன். வேப் பிடிப்பவர்கள் ‘மெக் மாட்’ என்று சொல்லும் இந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது? ஏன் சில நேரம் வெடிக்கிறது? சட்டம் என்ன சொல்கிறது? முழு விளக்கம் இதோ.

இப்படி ஒரு காட்சியை யோசித்துப் பாருங்கள். மயிலாப்பூரில் ஒரு வீடு. கல்லூரிக்குப் போகும் மகனின் பையில் எதையோ தேடும்போது, அப்பாவின் கையில் கனமான பித்தளைக் குழாய் ஒன்று சிக்குகிறது.

“என்னடா இது?”

“டார்ச் லைட்டுப்பா.”

அப்பா திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். பட்டன் இருக்கிறது. பேட்டரி இருக்கிறது. பல்பைத்தான் காணோம்.

மகன் சொன்னது பொய். ஆனால் அந்தப் பொய்யில் பாதி உண்மையும் இருக்கிறது. மெக்கானிக்கல் டியூப் மாட் என்பது உண்மையிலேயே பல்பு இல்லாத டார்ச் லைட்தான். அந்தப் பாதி உண்மையில்தான் ஆபத்தும் இருக்கிறது.

மெக் மாட் என்றால் என்ன?

வேப் அல்லது இ-சிகரெட் என்பது திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கருவி. அந்தத் திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருட்கள், பெரும்பாலும் நிக்கோட்டினும் இருக்கும். சீன மருந்தாளுநர் ஹான் லிக் 2003ல் உருவாக்கிய வடிவம்தான் இன்றைய வேப்களுக்கு முன்னோடி.

இன்று வெளிநாட்டுக் கடைகளில் விற்கும் பெரும்பாலான வேப்களில் சின்ன சர்க்யூட் போர்டு ஒன்று இருக்கும். எவ்வளவு மின்சாரம் போகலாம் என்று அதுதான் முடிவு செய்யும். ஷார்ட் சர்க்யூட் என்றால் நிறுத்திவிடும். பட்டனை ரொம்ப நேரம் அழுத்தினால் கட் செய்துவிடும். பேட்டரி தீர்ந்துபோனால் ‘போதும்’ என்று சொல்லும்.

மெக் மாட்டில் அந்த போர்டு கிடையாது. வயர் கிடையாது, சிப் கிடையாது, ஃபியூஸ் கிடையாது. பித்தளை, செம்பு அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். அதற்குள் ஒரு லித்தியம் அயான் பேட்டரி. மேலே ‘அட்டமைசர்’ என்ற பகுதி. அதற்குள் மெல்லிய கம்பியைச் சுருட்டிச் செய்த காயிலும், திரவத்தை உறிஞ்சும் பஞ்சும் இருக்கும். பட்டனை அழுத்தினால் பேட்டரியின் முழு மின்சாரமும் நேராகக் காயிலுக்குப் போகும். அவ்ளோதான்.

நம் வீட்டு உதாரணம் சொன்னால் சட்டென்று புரியும். வீட்டில் ஏதாவது ஷார்ட் ஆனால் எம்சிபி ‘டப்’ என்று டிரிப் ஆகிறது இல்லையா? எம்சிபியே இல்லாத வீட்டை நினைத்துப் பாருங்கள். அதுதான் மெக் மாட். அதில் எம்சிபி வேலையைச் செய்ய வேண்டியது அதைப் பிடித்திருக்கும் ஆளின் கைதான்.

கணக்கு தெரியாவிட்டால் கையில் நெருப்பு

பள்ளியில் படித்த ஓம் விதி ஞாபகம் இருக்கிறதா? மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் வரும். மெக் மாட்டுக்கு உள்ள ஒரே பாதுகாப்பு விதி இதுதான்.

முழுக்க சார்ஜ் ஏறிய லித்தியம் அயான் பேட்டரியில் 4.2 வோல்ட் இருக்கும். இதை வைத்துக் கணக்குப் போடுவோம்.

* காயிலின் மின்தடை 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்ப் மின்சாரம் ஓடும். வெப்பம் சுமார் 35 வாட்.
* 0.2 ஓம் என்றால் 21 ஆம்ப். சுமார் 88 வாட்.
* 0.1 ஓம் என்றால் 42 ஆம்ப். சுமார் 176 வாட்.

வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் போடும் பெரிய பிளக் பாயிண்டின் அளவே 16 ஆம்ப்தான். அதைவிட அதிக மின்னோட்டம் கட்டை விரல் அளவு பேட்டரியிலிருந்து, உள்ளங்கைக்குள், முகத்துக்கு அருகில் பாய்கிறது. வோல்ட் குறைவு என்பதால் ஷாக் அடிக்காது. ஆனால் பேட்டரி சூடாவதற்கு இந்த மின்னோட்டமே போதும்.

இப்போது பேட்டரி பக்கம் வருவோம். இந்தக் குழாய்களில் அதிகம் போடப்படுவது 18650 என்ற அளவு. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதால் இந்தப் பெயர். 21700 என்றால் 21க்கு 70. ஒவ்வொரு பேட்டரிக்கும் ‘தொடர்ந்து இத்தனை ஆம்ப்தான் கொடுக்க முடியும்’ என்று ஒரு வரம்பு உண்டு. சில வகைகளுக்கு அது 10 ஆம்ப்கூட இருக்காது. அதிக மின்னோட்டத்துக்கென்றே தயாரித்த 18650 பேட்டரிகளுக்கு 20, 25 ஆம்ப் வரை இருக்கும்.

மேலே உள்ள கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 0.2 ஓம் காயிலைப் போட்டாலே 20 ஆம்ப் பேட்டரியின் வரம்பு தாண்டிவிடுகிறது. 0.1 ஓம் என்றால் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் காயில் 0.1 ஓமா 0.2 ஓமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளக்க மீட்டர் வேண்டும்.

‘எதை வாங்குவது?’ என்பவர்கள் என்னென்ன பார்க்கிறார்கள்?

இது சட்டப்படி விற்கப்படும் நாடுகளில், வாங்குபவர்கள் சில விஷயங்களைச் சரிபார்ப்பது வழக்கம். அந்தப் பட்டியலைப் பார்த்தாலே எது எப்படித் தப்பாகப் போகும் என்பது புரிந்துவிடும்.

முதலாவது, உலோகம். செம்பிலும் பித்தளையிலும் மின்சாரம் தடையில்லாமல் போகும் என்பதால் அவற்றுக்கு மவுசு அதிகம். ஆனால் நம் வீட்டுக் குத்துவிளக்கு என்ன ஆகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு வாரம் விட்டால் கறுத்துவிடும். புளி போட்டுத் தேய்த்தால்தான் மின்னும். கடற்கரை ஓரக் காற்று வீசும் மயிலாப்பூரிலும் பெசன்ட் நகரிலும் இன்னும் சீக்கிரம் கறுக்கும். குழாயின் மரையிலும் பட்டனிலும் இந்தக் கறை படிந்தால், மின்சாரம் தடைபட்டு அந்த இடமே சூடாகும்.

இரண்டாவது, பட்டன். சிலவற்றில் ஸ்பிரிங், சிலவற்றில் காந்தம். பட்டன் உள்ளே போய்த் திரும்பி வராமல் சிக்கிக்கொண்டால் கருவி எரிந்துகொண்டே இருக்கும். நிறுத்துவதற்கு சிப் இல்லை. பாக்கெட்டில் இருக்கும்போது பட்டன் அமுங்காமல் இருக்க ‘லாக்’ வளையம் வைத்திருப்பார்கள். அதைத் திருக மறந்தால் அவ்வளவுதான்.

மூன்றாவது, மேல்மூடி. ‘ஹைபிரிட்’ என்று சொல்லப்படும் வகையில் அட்டமைசரின் நடு ஊசி நேராகப் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத் தொடும். இடையில் வேறெதுவும் இல்லை. அந்த ஊசி போதுமான அளவு வெளியே நீட்டிக்கொண்டு இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசியைச் சுற்றியுள்ள மரை பேட்டரியின் முனையில் உட்கார்ந்துவிடும். பாசிட்டிவும் நெகட்டிவும் சேர்ந்துவிடும். முழு ஷார்ட் சர்க்யூட். ஊசி ஒரு மில்லிமீட்டர் குறைந்தாலும் விளைவு இதுதான்.

நான்காவது, காற்றுத் துளைகள். பேட்டரி கெட்டுப்போய் உள்ளே வாயு உருவானால் அது வெளியேற வழி வேண்டும். அதற்குத்தான் குழாயில் சின்னத் துளைகள். துளை இல்லாத குழாய் என்பது வெயிட்டும் சேஃப்டி வால்வும் அடைத்துக்கொண்ட பிரஷர் குக்கர் மாதிரி. குக்கருக்காவது மூடி ஒரு பக்கம்தான். இங்கே சுற்றிலும் கெட்டியான உலோகம்.

ஐந்தாவது, பேட்டரியின் மேலுறை. 18650 பேட்டரியின் உடம்பு முழுக்க நெகட்டிவ் முனை. அதன் மேல் இருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறைதான் ஒரே தடுப்பு. அது முனையில் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் உலோகக் குழாயைத் தொட்டு ஷார்ட் ஆகும்.

இதையெல்லாம் சென்னையில் யார் சரிபார்ப்பது?

இங்கேதான் முக்கியமான கேள்வி வருகிறது. மேலே சொன்ன ஐந்தையும் மனப்பாடம் செய்த ஒருவர் தி.நகரிலோ அடையாறிலோ இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரால் நல்லதாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியுமா?

முடியாது. காரணம், தேர்ந்தெடுப்பதற்கு அடிப்படையான எதுவும் இங்கே இல்லை. இந்தப் பொருளின் விற்பனைக்கே தடை என்பதால் பில் கிடையாது, கேரண்டி கிடையாது, பிஐஎஸ் முத்திரை கிடையாது. யாரோ ஒருவர் கையிலிருந்து கைமாறி வருவது அசலா போலியா என்று கேட்க ஆள் இல்லை. பாண்டி பஜாரில் வாங்கிய செருப்பு அறுந்தால்கூடத் திரும்பிப் போய்க் கடைக்காரரிடம் சண்டை போடலாம். இது வெடித்தால் எங்கே போய், யாரிடம் கேட்பது?

பேட்டரியிலும் இதே கதைதான். டார்ச், பவர் பேங்க், சோலார் விளக்கு செய்பவர்களுக்காக 18650 பேட்டரிகள் சட்டப்படியே விற்கின்றன. அதில் தப்பு இல்லை. ஆனால் மேலுறையை மாற்றி, பெரிய எண்ணை அச்சடித்து விற்கும் பேட்டரிகளும் சந்தையில் உண்டு. ஒரு எளிய சோதனை: 18650 பேட்டரியின் மேல் 9,900 மில்லி ஆம்ப் ஹவர் என்று எழுதியிருந்தால் அது பொய். இந்த அளவு பேட்டரியில் நல்ல தயாரிப்பாளர்கள் கொடுப்பதே சுமார் 3,500தான். கொள்ளளவிலேயே பொய் சொல்லும் பேட்டரியின் ஆம்ப் கணக்கை எப்படி நம்புவது?

சர்க்யூட் உள்ள வேப்பில் போலி பேட்டரி போட்டால், சிப்பாவது ஓரளவு காப்பாற்றும். மெக் மாட்டில் காப்பாற்ற ஒன்றும் இல்லை. பாதுகாப்பு முழுவதும் பேட்டரியின் உண்மையான தரத்தையும், பிடிப்பவரின் கணக்கையும் நம்பியே இருக்கிறது. முதலாவதைச் சரிபார்க்கவே முடியாத ஊரில் இரண்டாவது மட்டும் எப்படிப் போதும்?

நடந்த விபத்துகள் என்ன சொல்கின்றன?

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017ல் ஒரு அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 வரை அங்கே இ-சிகரெட் தீப்பிடித்த, வெடித்த 195 சம்பவங்கள் அதில் பதிவாகியுள்ளன. 133 பேர் காயமடைந்தனர். அவர்களில் 38 பேருக்குப் பலத்த காயம்.

அதில் கவனிக்க வேண்டியது, எப்போது வெடித்தது என்ற விவரம். 60 சம்பவங்கள் பயன்படுத்தும்போது நடந்தவை. 48 சார்ஜ் ஏறும்போது. 61 சம்பவங்களில் கருவியோ தனி பேட்டரியோ சட்டை, பேன்ட் பாக்கெட்டில் இருந்திருக்கிறது. அதாவது, பிடிக்காமல் சும்மா வைத்திருந்தபோது. பாக்கெட்டில் சில்லறையும் வீட்டுச் சாவியும் இருந்தாலே போதும். பேட்டரியின் இரண்டு முனையையும் சாவி இணைத்துவிட்டால் ஷார்ட்தான்.

அதன்பிறகு உயிரிழப்புகளும் நடந்தன. 2018 மே மாதம் அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 38 வயது நபர் வேப் வெடித்து இறந்தார். சிதறிய பாகம் தலைக்குள் பாய்ந்தது. அவர் பயன்படுத்தியது சிப் இல்லாத மெக் மாட் வகை. 2019 ஜனவரியில் டெக்சாஸில் 24 வயது இளைஞர் ஒருவர் இறந்தார். வெடித்த வேப்பின் துண்டு கழுத்து ரத்தக் குழாயை அறுத்துவிட்டது.

லித்தியம் அயான் பேட்டரி அளவுக்கு மீறிச் சூடானால், உள்ளே நடக்கும் வேதிவினையே மேலும் வெப்பத்தை உண்டாக்கும். அந்த வெப்பம் வினையை இன்னும் வேகமாக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் பட்டனை விட்டாலும் நிற்காது. உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடியது. குழாயின் ஒரு முனை வாய்க்கு நேராக இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். சென்னையின் கத்திரி வெயிலில் பைக் சீட்டுக்கு அடியிலோ, மூடிய காருக்குள்ளோ பேட்டரியை வைப்பது இந்த ஆபத்தை இன்னும் கூட்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு அரசு 2018 செப்டம்பரிலேயே இ-சிகரெட்டுக்குத் தடை விதித்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019 மே மாதம் முழுத் தடையைப் பரிந்துரைத்தது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை எடுத்த தடை முடிவை நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். முதலில் அவசரச் சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது.

சட்டத்தின் முக்கிய அம்சங்கள்:

* உற்பத்தி, இறக்குமதி, ஏற்றுமதி, கொண்டுசெல்வது, விற்பது, விநியோகிப்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம். ஆன்லைன் விற்பனைக்கும் விளம்பரத்துக்கும் இது பொருந்தும்.
* முதல் முறை என்றால் 1 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
* மீண்டும் செய்தால் 3 ஆண்டு வரை சிறையும், 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும்.
* தன் இடத்தில் ஸ்டாக் வைக்கத் தெரிந்தே அனுமதித்தால் 6 மாதம் வரை சிறை, அல்லது 50 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.
* எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி வாரண்ட் இல்லாமலே சோதனை செய்யலாம், பறிமுதல் செய்யலாம்.

பிடிப்பது குற்றமா? மத்திய சட்டத்தின் குற்றப் பட்டியலில் ‘பயன்படுத்துதல்’ என்ற சொல் இல்லை. இதை வைத்துத்தான் ‘பிடிச்சா தப்பில்ல’ என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் எந்த வடிவத்திலும் எந்த அளவிலும் இதைக் கையில் வைத்திருப்பதே சட்டமீறல்தான் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2023ல் விளக்கம் அளித்திருக்கிறது.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. வெளிநாட்டு இணையதளத்தில் ஆர்டர் போட்டு வரவழைத்தால் அது இறக்குமதி. ஹாஸ்டல் நண்பனுக்கு ஒன்று சேர்த்து வாங்கி, காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் அது விற்பனை. அதைப் புகழ்ந்து ரீல்ஸ் போட்டால் விளம்பரம் ஆகலாம். ‘ஃபிரெண்டுக்காகத்தான் சார்’ என்பது சட்டத்தின் முன் பதில் ஆகாது.

‘இதில் எலக்ட்ரானிக்ஸே இல்லையே, இது எப்படி இ-சிகரெட்?’

மெக் மாட் விரும்பிகள் அடிக்கடி சொல்லும் வாதம் இது. ‘சிப் இல்லை, போர்டு இல்லை. வெறும் பித்தளைக் குழாய்க்கு எதற்குத் தடை?’ என்பார்கள்.

சட்டத்தின் வரையறை கருவிக்குள் என்ன இருக்கிறது என்பதைவிட, அது என்ன செய்கிறது என்பதையே பார்க்கிறது. ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளிழுப்பதற்கான ஆவியை உருவாக்கும் கருவி எதுவாக இருந்தாலும், நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்ன பெயரில், என்ன வடிவில், என்ன அளவில் வந்தாலும் தடைக்குள் வரும். இ-ஹூக்காவும் இதில் அடக்கம்.

இன்னொரு வரியும் உண்டு. முழுப் பொருளாக இருந்தாலும் சரி, அதன் ஏதாவது ஒரு பாகமாக இருந்தாலும் சரி, தடை பொருந்தும். எனவே ‘குழாயைத் தனியா, அட்டமைசரைத் தனியா வரவழைச்சா பிரச்சினை இல்லை’ என்ற யோசனையும் எடுபடாது.

துபாய், கோலாலம்பூரில் வாங்கி வரலாமா?

துபாயிலும் மலேசியாவிலும் வேப் கடைகள் வெளிப்படையாக இருக்கின்றன. அங்கே வாங்கி, சென்னை விமான நிலையத்தில் இறங்கும்போது அது தடை செய்யப்பட்ட இறக்குமதி. சுங்கத்துறை பறிமுதல் செய்யும். ‘சொந்த உபயோகத்துக்கு’ என்று இந்தச் சட்டத்தில் தனி விலக்கு கிடையாது.

சிங்கப்பூர் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அங்கே விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதும் பிடிப்பதும் 2018லிருந்தே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து தண்டனையும் கடுமையாக்கப்பட்டிருக்கிறது. பையில் மறந்து வைத்தேன் என்றாலும் அபராதம் தப்பாது.

சிகரெட்டை மட்டும் விற்கலாமா?

நியாயமான கேள்விதான். பெட்டிக்கடையில் சிகரெட் கிடைக்கிறது, வேப்புக்கு மட்டும் தடை ஏன் என்று தடையை எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். சிகரெட்டை விட வேப் உதவும் என்பது பிரிட்டன் சுகாதாரத் துறையின் நிலைப்பாடு. சிகரெட் பழக்கமே இல்லாத பிள்ளைகளையும் நிக்கோட்டினுக்குள் இழுத்துவிடும் என்பது இந்திய அரசு தடைக்குச் சொன்ன காரணம்.

இந்த விவாதம் எப்படி முடிந்தாலும் ஒன்று மாறாது. பழக்கத்தை விட உதவும் என்று சொல்லும் பிரிட்டன்கூட, நிக்கோட்டின் அளவுக்கும் லேபிளுக்கும் விதிகள் வைத்து விற்கும் பொருளைப் பற்றித்தான் பேசுகிறது. யாரோ கைமாற்றிக் கொடுக்கும் குழாயைப் பற்றி அல்ல. திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமல் இழுப்பதன் விலையை 2019ல் அமெரிக்கா பார்த்தது. வேப் தொடர்பான நுரையீரல் பாதிப்பால் 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் அல்லது இறந்தனர். இறந்தவர்கள் மட்டும் 68 பேர். கஞ்சா சத்து உள்ள, கள்ளச்சந்தையில் கிடைத்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட்தான் இதில் முக்கியக் காரணமாகக் கண்டறியப்பட்டது.

வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால்?

பிள்ளையின் பையில் கிடைத்துவிட்டது என்றால் முதலில் பதற வேண்டாம். செய்ய வேண்டியவை இவை:

* பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டாம். கீழ்மூடியைத் திருகிப் பேட்டரியை வெளியே எடுங்கள்.
* பேட்டரி சூடாகவோ உப்பியோ இருந்தால் தொடாமல் விலகுங்கள். அருகில் துணி, காகிதம் இருந்தால் அப்புறப்படுத்துங்கள்.
* சாதாரணமாக இருந்தால் இரு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். சாவி, சில்லறையோடு வைக்க வேண்டாம்.
* குப்பைத் தொட்டியில் போட வேண்டாம். குப்பை லாரியில் நசுங்கினால் அங்கே தீப்பிடிக்கும். மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.
* திரவ பாட்டிலைச் சின்னக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். பழ வாசனை அடிக்கும். ஆனால் நிக்கோட்டினை விழுங்கினால் விஷம்.
* ‘வீணாப் போகுதே’ என்று யாருக்கும் விற்க வேண்டாம். அது குற்றம்.

தீக்காயம் பட்டால், காயத்தின் மேல் ஓடும் தண்ணீரை 20 நிமிடம் விடுங்கள். பற்பசை, இங்க், மாவு எதையும் தடவ வேண்டாம். 108க்கு அழையுங்கள். சென்னையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது.

விட நினைப்பவர்களுக்கு

மெக் மாட் தேடும் பலரும் சிகரெட்டை விடும் எண்ணத்தில்தான் இந்தப் பக்கம் வந்திருப்பார்கள். அவர்களுக்குச் சட்டப்படியான, வெடிக்காத வழிகள் இருக்கின்றன.

தேசிய புகையிலை ஒழிப்பு உதவி எண் 1800-112-356. கட்டணம் இல்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் வழியாகத் தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது. 011-22901701 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால், பழக்கத்தை விட உதவும் குறுஞ்செய்திகள் வரும்.

அருகிலேயே இன்னொரு இடமும் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயற்சியால் 1954ல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. 2002ல் நாடு முழுவதும் முதல்கட்டமாகத் தொடங்கப்பட்ட 13 புகையிலை நிறுத்த மையங்களில் இதுவும் ஒன்று.

மருந்துக் கடையில் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் அளவில் நிக்கோட்டின் சூயிங்கம் கிடைக்கிறது. எவ்வளவு, எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. அதன் அட்டையில் அளவு எழுதியிருக்கும். தயாரித்த தேதி இருக்கும். ஏதாவது பிரச்சினை என்றால் கேட்க ஆள் இருக்கும்.

‘எந்த டியூப் நல்லது?’ என்ற கேள்விக்கு இதுதான் பதில். பித்தளையா செம்பா, ஸ்பிரிங்கா காந்தமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம் வரும் விஷயங்கள். உள்ளே இருக்கும் பேட்டரி எது, திரவத்தில் இருப்பது என்ன, தப்பாகப் போனால் யார் பொறுப்பு? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாத பொருளில் ‘நல்லது’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை.

மயிலாப்பூர் அப்பாவுக்கும் இது பொருந்தும். “பல்பு எங்கடா?” என்று அவர் அடுத்த கேள்வியைக் கேட்கத்தான் போகிறார். கேட்கும்போது குரலை உயர்த்தாமல், கையில் 1800-112-356 என்ற எண்ணையும் வைத்துக்கொண்டு கேட்டால், மகன் உண்மையைச் சொல்ல வாய்ப்பு அதிகம்.